கிளம்பச் சொல்வது யார், நிற்கச் சொல்வது யார்?

மதிப்பிற்குரிய காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சிப்காட் வட்டாரத்தில் ஆலைகளுக்கு லோடு அடிக்கும் சிறு லாரி உரிமையாளர்களில் நானும் ஒருவன். வடகிழக்குப் பருவமழைக்கு முன் நடக்கும் ஆயத்தக் கூட்டங்களில் ஏரிக்கரை, மணல் மூட்டை, நிவாரண முகாம் எல்லாம் பேசப்படுகின்றன. மழை வலுத்தால் சரக்கு லாரி எப்போது நிற்க வேண்டும் என்பதையும் அங்கே பேசுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலுக்காகச் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு அரசு பொது விடுமுறை விட்டது. பெரிய ஆலைகள் சில உற்பத்தியை நிறுத்தின. அதற்கு முந்தின நாளே ஓசூரிலோ புனேயிலோ லோடு ஏற்றிக் கிளம்பிவிட்ட டிரைவருக்கு விடுமுறை என்றால் என்ன? அவருக்கு வரும் ஃபோன் எல்லாம் ஒரே கேள்விதான்: “எங்க வந்துட்டு இருக்கீங்க?”

இங்குள்ள பல ஆலைகள் உதிரிபாகங்களைக் குவித்து வைப்பதில்லை. மணிக்கணக்கு பார்த்து வரவழைக்கின்றன. வண்டி தாமதித்தால் “லைன் நின்னுடும்” என்பார்கள். அபராதம் டிரான்ஸ்போர்ட்டுக்கு டெபிட் நோட்டாக வரும். அங்கிருந்து உரிமையாளர் தலையில் இறங்கும். கடைசியில் ட்ரிப் கணக்கில் கூலி வாங்கும் டிரைவரின் பேட்டாவில் போய் முடியும். அதனால்தான் மழையில் எல்லோரும் “பார்த்து வாப்பா” என்கிறோம். “நில்” என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை.

இந்த மண்ணின் குணம் உங்களுக்குத் தெரியும். இது ஏரிகளின் மாவட்டம். 2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை கொட்டியது. கலங்கல் வழிந்தால் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையிலும் சிங்கபெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையிலும் தார் எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பெங்களூரு நெடுஞ்சாலையை ஆறுவழியாக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்ததில், மாற்றுப்பாதைகள் ஓட்டுநருக்குக் கூடுதல் கண்ணாமூச்சி. காற்றும் சேர்ந்தால் லோடு ஏற்றிய வண்டியைவிடக் காலி கன்டெய்னர் டிரெய்லருக்கே ஆபத்து அதிகம். எடை குறைந்துவிடும், காற்று மோதும் பரப்பு குறையாது.

கடலில் இந்தக் குழப்பத்தை நாம் தீர்த்துவிட்டோம். புயல் எச்சரிக்கை வந்தால் துறைமுகத்தில் கூண்டு ஏறுகிறது. மீன்வளத் துறை விசைப்படகுகளுக்கு டோக்கன் தருவதை நிறுத்துகிறது. ‘கவனமாகப் போய் வாருங்கள்’ என்று மீனவரிடம் யாரும் சொல்வதில்லை. சாலையிலும் முன்னுதாரணம் உண்டு. 2020 நவம்பரில் நிவர் புயலுக்கு முந்தின நாள் பகல் ஒரு மணியிலிருந்து ஏழு மாவட்டங்களில் அரசுப் பேருந்துகள் நிறுத்தப்பட்டன. ஜம்மு – ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் கனரக வாகனங்களை எப்போது விடுவது, எப்போது நிறுத்துவது என்பதைப் போக்குவரத்துக் காவல் துறை முன்கூட்டியே அறிவிக்கிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 34-ஆம் பிரிவில், பாதிக்கப்படக்கூடிய பகுதியில் வாகனப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாவட்ட ஆணையத்துக்குத் தருகிறது. அந்த ஆணையத்தின் தலைவர் நீங்கள். சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவரும் நீங்களே.

ஆனால் ஆணை ஒன்றே போதாது. வாலாஜாபாத்தில் தூறலும் படப்பையில் பேய்மழையும் ஒரே நேரத்தில் பெய்யும். அதைக் கலெக்டர் அலுவலகத்திலிருந்து பார்க்க முடியாது. ஸ்டியரிங் பிடித்தவருக்குத்தான் தெரியும். நிறுத்தும் உரிமை அவருக்கும் வேண்டும். அமெரிக்க விதி, நிலைமை மிக மோசமானால் லாரி ஓட்டுவதை நிறுத்தியே ஆக வேண்டும் என்கிறது. பலத்த காயம் நேரும் என்று நியாயமாக அஞ்சி ஓட்ட மறுப்பவரை வேலையை விட்டுத் தூக்கக் கூடாது என்றும் அங்கே சட்டம் உண்டு.

எச்சரிக்கை பொய்த்தால் நஷ்டம் யாருக்கு என்று ஆலைகள் கேட்கும். நியாயமான கேள்விதான். 2024 அக்டோபர் 16-க்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தது, பள்ளிகளை மூடினோம், பயந்த அளவு மழை இல்லை. அதற்காக யாரும் பள்ளி விடுமுறை முறையையே கைவிடச் சொல்லவில்லை. ஒரு நாள் ஹால்டிங் கூலியைச் சரக்கு வாங்குபவரும் அனுப்புபவரும் பகிர்ந்துகொண்டால், பொய்த்த எச்சரிக்கையின் சுமை டிரைவர் மேல் விழாது.

எனவே ஏற்பாடு இப்படி இருக்கட்டும். வானிலை மையம் காஞ்சிபுரத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை தந்தால், எந்த மணி முதல் எந்த மணி வரை, எந்தச் சாலைகளில் சரக்கு வண்டி புதிதாகக் கிளம்பக் கூடாது என்று உங்கள் ஆணை சொல்லட்டும். மருந்து, பால், ஆக்சிஜன் வண்டிகளுக்கு விலக்கு இருக்கட்டும். காற்று மணிக்கு 62 கி.மீ.யை, அதாவது புயல் அளவை, எட்டும் என்றால் காலி டிரெய்லர்களும் கார் ஏற்றும் வண்டிகளும் நின்றுவிடட்டும். ஏற்கெனவே வழியில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் ஏறாத மேட்டு நிலத்தில் நிறுத்துமிடம், கழிப்பறை, சாப்பாடு வேண்டும். ஆலை வளாகங்களின் கேட்டும் அன்று அவர்களுக்குத் திறக்க வேண்டும். ஆணை இல்லாத நாளிலும், கண் தெரியவில்லை என்று ஓரங்கட்டிய டிரைவருக்காக டெபிட் நோட் போடக் கூடாது.

கிளம்பலாமா என்பதை நீங்கள் சொல்லுங்கள். போதும், நிறுத்துகிறேன் என்பதை ஓட்டுநர் சொல்லட்டும். இரண்டுக்கும் நடுவில் கடிகாரம் பார்க்கும் பர்ச்சேஸ் மேனேஜருக்கும், என்னைப் போன்ற உரிமையாளருக்கும் அந்த நாளில் வாக்கு வேண்டாம்.

அக்டோபருக்கு முன் ஒரு கூட்டம் கூட்டுங்கள். சிப்காட் அதிகாரிகள், ஆலைகளின் லாஜிஸ்டிக்ஸ் பொறுப்பாளர்கள், வட்டாரப் போக்குவரத்து அலுவலர், காவல் துறை, லாரி உரிமையாளர்கள் எல்லோரும் வருவோம். டிரைவர்கள் சிலரையும் கூப்பிட்டு, அவர்களை முதலில் பேச விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரகடத்திலிருந்து ஒரு சிறு லாரி உரிமையாளர்