பார்த்துச் சொன்னதற்குக் கூலி இல்லையா?

“அண்ணே, ஸ்டியரிங் டைட்டா இருக்கு. ராக் போயிட்டுதுன்னு சொல்றாங்க. எவ்வளவு ஆகும்?” என்ன பழுது என்று யாரும் கேட்பதில்லை. எவ்வளவு ஆகும் என்பதுதான் முதல் கேள்வி. காரைக்காலில் பட்டறை வைத்திருப்பவன் சொல்கிறேன்: ஸ்டியரிங் இறுகினால், சக்கரங்களைத் திருப்பும் அந்த ராக்கில் கைவைப்பது கடைசி வேலை.

முதலில் முன்சக்கரக் காற்றைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். பிரான்சில் இருக்கும் நம்மூர்க் குடும்பங்கள் விடுமுறைக்கு வந்ததும் ஷெட்டில் கிடந்த காரை எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்கு வருவார்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் காற்றும் இறங்கியிருக்கும், பேட்டரியும் இறங்கியிருக்கும். இப்போதைய சிறிய கார்களில் ஸ்டியரிங்குக்குக் கைகொடுப்பது ஆயில் பம்ப் அல்ல, மின்மோட்டார். வோல்டேஜ் குறைந்தால் அது கையை எடுத்துவிடும். சாவி போட்டதும் எரிகிற ஸ்டியரிங் விளக்கு, இன்ஜின் ஓடிய பிறகும் அணையாவிட்டால் ஸ்கேனர் மாட்ட வேண்டியதுதான். கூடவே பேட்டரி, ஆல்டர்னேட்டர், ஃபியூஸ், எர்த் வயர். கடற்கரை ஊரில் எர்த் வயர் பாடியோடு சேருமிடம் உப்புப் பூத்துப்போகும். போல்ட்டைக் கழற்றி, எமரித் தாளால் தேய்த்து, திரும்ப முடுக்கியதோடு சரியாகிப்போன வண்டிகள் உண்டு.

சனிக்கிழமை திருநள்ளாற்றுக் கூட்டத்தில் வேறொரு கூத்து. நிறுத்த இடம் தேடி நின்ற இடத்திலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்து ஒடித்து மோட்டார் சூடாகிவிடும். எரிந்துபோகாமலிருக்க அதுவே தன் பலத்தைக் குறைத்துக்கொள்ளும். கொஞ்சம் ஆறவிட்டால் பழையபடி ஆகிவிடும். அதையும் சனி பகவான் கணக்கில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பொலேரோ, பழைய இன்னோவா போன்ற ஆயில் பம்ப் வண்டிகளில் ஒடிக்கும்போது கிறீச்சிட்டால் பெல்ட்டைப் பாருங்கள். முனகினால் ஆயில் குறைவு, அல்லது உள்ளே காற்று. ஆயில் என்றால் அதற்குரிய ஆயில். பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல்கள் கெட்டுவிடும்.

எல்லா வண்டிக்கும் பொதுவான சோதனை ஒன்று உண்டு. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்து, இன்ஜின் ஓடாமல் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்ப்பது. சக்கரம் தரையில் படாதபோதும் ஓரிடத்தில் பிடித்து, ஓரிடத்தில் விட்டால் ஸ்டியரிங் ராடின் கிராஸ் ஜாயின்ட் துருவேறியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் பேரிங் இறுகினாலும் கனக்கும். தூக்கியதும் லேசாகிவிட்டால் பவர் பக்கம் போகலாம்.

சில சமயம் குறை கம்பெனியிலேயே இருக்கும். 2024 ஆகஸ்டில் மாருதி நிறுவனம் ஸ்டியரிங் கியர்பாக்ஸில் கோளாறு இருக்கலாம் என்று 2,555 ஆல்டோ கே10 கார்களைத் திரும்ப அழைத்தது. பாகத்தை மாற்றும்வரை ஓட்ட வேண்டாம் என்றும் சொன்னது. இப்படி அழைத்தால் செலவு கம்பெனியுடையது. அதனால் காசைக் கொடுப்பதற்கு முன்னால் சேசிஸ் எண்ணைச் சொல்லி விசாரித்துவிடுங்கள்.

இத்தனையும் பார்க்க நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குக் கூலி கேட்டால், “பார்த்ததுக்கெல்லாம் காசா?” என்கிறார்கள். எர்த் வயரைத் தேய்த்தவனுக்கு டீக்காசு, ராக் மாற்றியவனுக்கு முழு பில். அப்புறம் மெக்கானிக் எதைக் கண்டுபிடிப்பான்? ராக்கைத்தான். அவனைத் திருடன் என்று திட்டுவதில் பயனில்லை. வண்டிக்காரர்கள் எதற்குக் காசு கொடுக்கிறார்களோ, அதைத்தான் அவன் விற்கிறான்.

பட்டறைக்காரர்களுக்கு என் வேண்டுகோள்: பார்த்துச் சொல்லும் கூலியைப் பலகையில் எழுதி மாட்டுங்கள். மாற்றிய பழைய பாகத்தை வண்டிக்காரர் கையில் கொடுங்கள். பில் போடுங்கள், பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். வண்டிக்காரர்களே, “எதைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தீங்க?” என்று கேளுங்கள். ஒழுங்காகப் பதில் சொல்பவருக்கு, பாகம் எதையும் மாற்றாவிட்டாலும், கூலியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.