தக்காளிச் செடிக்கு தாகம் எடுத்தால்... 'டானிக்' அடித்தால் போதுமா?

கிலோ 20 ரூபாய்க்கு வாங்கிய தக்காளி 100 ரூபாயைத் தாண்டும்போதுதான் நமக்குத் தக்காளி என்ற பயிரே ஞாபகம் வருது. 2023 ஜூலையில் நாடு முழுக்க இதைப் பார்த்தோம். விலை ஏறுவதற்கு மழை, வெயில், வைரஸ் நோய், வரத்துக் குறைவு என்று பல காரணங்கள் உண்டு. இங்கே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். தண்ணீர் பற்றாதபோது தக்காளிச் செடிக்குள் என்னதான் நடக்கிறது?

இதைத் தெரிந்துகொள்ள ஒரு காரணம் இருக்கிறது. 'வறட்சியைத் தாங்க வைக்கும்' என்ற வாசகத்தோடு விதவிதமான பாட்டில்கள் உரக்கடைகளில் விற்கப்படுகின்றன. விவசாயிகள் பேச்சில் இவை எல்லாமே 'டானிக்'தான். ஆனால், செடி வறட்சியைத் தாங்குவதும் அதில் காய் பிடிப்பதும் ஒன்றா?

இலையில் ஒரு கதவு

தக்காளி இலையில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு காப்புச் செல்கள்தான் கதவு. வேர் உறிஞ்சும் தண்ணீரில் 90 சதவீதத்துக்கும் மேல் இந்தத் துளைகள் வழியாக ஆவியாகிவிடும். செடி தன் உடம்புக்கு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான்.

மண் காய ஆரம்பித்ததும் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடுகிறது. சுருக்கமாக 'ஏபிஏ'. இது காப்புச் செல்களுக்குப் போய்ச் சேர்ந்ததும், அவற்றில் இருக்கும் பொட்டாசியம் அயனிகள் வெளியேறுகின்றன. பின்னாலேயே தண்ணீரும் வெளியேறும். உப்பியிருந்த செல்கள் தளரும், கதவு மூடிக்கொள்ளும்.

இது எப்படித் தெரிந்தது என்று கேட்டால், அதற்கும் தக்காளிதான் சாட்சி. ஃப்ளாக்கா, சிட்டியன்ஸ், நோட்டபிலிஸ் என்று மூன்று மரபுமாற்றத் தக்காளி வகைகள் உண்டு. மூன்றும் சட்டென்று வாடிவிடும். 'சிட்டியன்ஸ்' என்றால் லத்தீனில் 'தாகத்தோடு இருப்பது' என்றே அர்த்தம். இவற்றின் இலைத்துளைகள் சரியாக மூடுவதில்லை என்று 1966இல் மோஷே தால் என்ற ஆய்வாளர் காட்டினார். பிறகு ஃப்ளாக்கா செடிக்கு வெளியிலிருந்து ஏபிஏ கொடுத்துப் பார்த்தபோது அது சாதாரணச் செடி மாதிரி நடந்துகொண்டது. குறை எங்கே என்பது தெளிவானது. இந்தச் செடிகளால் அந்த ஹார்மோனைத் தேவையான அளவு தயாரிக்க முடியவில்லை.

இன்னொரு சுவாரசியம். வறட்சி முதலில் தெரிவது வேருக்குத்தானே, அப்போ ஹார்மோனும் அங்கிருந்துதான் வரும் என்று நினைப்போம். ஏபிஏ போதுமான அளவு தயாரிக்க முடியாத வேரின் மேல் சாதாரணத் தக்காளியை ஒட்டுக்கட்டிச் சோதித்தார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வில், மண் காய்ந்தபோது மேலே இருந்த இலைகள் கதவை மூடத்தான் செய்தன. தனக்கு வேண்டிய ஏபிஏவை இலையே தயாரித்துக்கொள்ளும்.

கதவை மூடினால் என்ன நஷ்டம்?

சிக்கல் இங்கேதான். தண்ணீர் வெளியே போகும் அதே கதவு வழியாகத்தான் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வர வேண்டும். அது வந்தால்தான் ஒளிச்சேர்க்கை, அதாவது செடிக்குச் சாப்பாடு. கதவு மூடினால் தண்ணீர் மிச்சம், ஆனால் சமையல் நின்றுபோகும். ஆவியாதல் குறைவதால் இலையின் சூடும் ஏறும்.

தக்காளிக்கு இது இரட்டை அடி. பூ எடுக்கும் நேரத்தில் தண்ணீரும் குறைந்து வெயிலும் கூடினால் பூ உதிரும். செடி உயிரோடு இருக்கும், பச்சையாகவும் இருக்கும். பறிக்கத்தான் ஒன்றும் இருக்காது. ஒரு சில நாள் வறட்சியைக் கடக்க இந்தக் கதவடைப்பு உதவும். வாரக்கணக்கில் நீடித்தால் அதுவே விளைச்சலைச் சாப்பிட்டுவிடும்.

விஞ்ஞானிகள் என்ன செய்கிறார்கள்?

கதவை நாம் நினைக்கும்போது மட்டும் மூட வைக்க முடியுமா? ஏபிஏவைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிப் புரதங்கள் எவை என்பது 2009இல் தெரியவந்தது. அதில் முக்கியப் பங்கு கலிபோர்னியாவின் ரிவர்சைட் பல்கலைக்கழகத்தில் உள்ள ஷான் கட்லரின் குழுவுக்கு உண்டு. அதே குழு 2015இல் ஒரு வித்தியாசமான வேலையைச் செய்தது. இலைக்கருகல் நோய்க்கு அடிக்கும் மாண்டிப்ரோபமிட் என்ற பூஞ்சைக்கொல்லியை ஏபிஏ மாதிரியே உணரும்படி அந்த ஏற்பியை மாற்றி, தக்காளியில் வைத்தது. மருந்து அடித்ததும் செடி தண்ணீர்ச் செலவைக் குறைத்தது. 2019இல் ஏபிஏவை விட வலுவாக ஏற்பியைப் பிடிக்கும் ஓபாபாக்டின் என்ற மூலக்கூறையும் உருவாக்கினார்கள்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இவையும் அதே கதவைத்தான் மூடுகின்றன. எப்போது மூடுவது, எத்தனை நாளைக்கு என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

நம்ம ஊரில் என்ன இருக்கு?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வறட்சி நேரத்தில் இலைவழியாகத் தெளிக்க 'பிபிஎஃப்எம்' என்ற திரவத்தைப் பரிந்துரைக்கிறது. இது இலைமேல் இயல்பாகவே வாழும் மெத்திலோபாக்டீரியம் என்ற நுண்ணுயிரி. சைட்டோகைனின், ஆக்சின் போன்ற வளர்ச்சி ஹார்மோன்களை இது சுரக்கும். சைட்டோகைனின் இலை பழுப்பதைத் தள்ளிப்போடும். வழி வேறு, நோக்கம் ஒன்றுதான்: மழை வரும்வரை செடியைப் பிடித்து வைப்பது.

மற்ற பாட்டில்களுக்கு விதி இருக்கிறதா? இருக்கிறது. பயோ ஸ்டிமுலன்ட் எனப்படும் உயிரூக்கிகள் 2021இல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவரப்பட்டன. ஜிப்ரலிக் அமிலம் போன்ற வளர்ச்சி ஊக்கிகள் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. உயிரூக்கியைப் பதிவு செய்யும் நிறுவனம், அது வேலை செய்கிறது என்பதற்குக் களப்பரிசோதனைத் தரவைக் கொடுக்க வேண்டும். அந்தத் தரவு கடை வாசலில் நிற்கும் விவசாயிக்குப் புரியும் தமிழில் கையில் கிடைக்கிறதா என்பதுதான் விஷயம்.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி

'செடி வாடாமல் இருக்குமா?' என்பது பாதிக் கேள்வி. 'இவ்வளவு தண்ணீரில் எத்தனை கிலோ காய் கிடைக்கும்?' என்பதே முழுக் கேள்வி. பாட்டில் அட்டையில் ஒரு கியூஆர் கோடு போதும். எந்தப் பயிர், எந்த மண், எத்தனை நாள் வறட்சி, அடித்த வயலில் எவ்வளவு, அடிக்காத வயலில் எவ்வளவு என்று தமிழில் காட்டலாம். இதைக் கட்டாயமாக்குவது அரசுக்குப் பெரிய செலவு இல்லை.

அதோடு முன்னுரிமையும் சரியாக இருக்க வேண்டும். சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. சொட்டுநீரும் நிலப்போர்வையும் வேரில் ஈரத்தைக் காக்கும். செடி கதவை மூட வேண்டிய நிலையே தள்ளிப்போகும்.

ஹார்மோன் என்பது செடி அடிக்கும் அலாரம். அலாரத்தை இன்னும் சத்தமாக ஒலிக்க வைப்பது தண்ணீர் கொடுத்ததாகாது.