வாரண்டி என்ன பிச்சையா?

சென்னையில வாங்கின எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி, ரெண்டே மாசத்துல சுருதி விலகுது. வாரண்டியோ ஒரு வருஷம். கடைக்காரர் சொல்றார், "கம்பெனியைக் கேளுங்க தம்பி." காசை வாங்கினது கம்பெனியாண்ணே?

கலசப்பாக்கத்துக்காரன் இதுக்காக சென்னைக்கு வந்து கேஸ் நடத்துவானாங்கிற தைரியம்தான். வரவே வேணாம் மக்களே! 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் எங்கே வாங்கியிருந்தாலும் நாம குடியிருக்கிற மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நமக்குத் திருவண்ணாமலை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரைன்னா கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. 2 வருஷத்துக்குள்ள போட்டுடணும்.

வாய்ப்பேச்சு வேலைக்காகாது. பில், வாரண்டி கார்டு பத்திரம். பழுதை எழுத்துல தெரிவிங்க. அசையலையா? 1915-க்கு போனைப் போடுங்க. வாரண்டிக்கும் சேர்த்துதான் விலை கொடுத்திருக்கோம். கெஞ்சாதீங்க, கேளுங்க!