தோட்டாவுக்கு இனிப்பு வழங்கும் கைகள்

2006 ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்டிருந்த 12 பேரையும் மும்பை உயர்நீதிமன்றம் 2025 ஜூலை 21 அன்று விடுவித்தது. ஐவருக்குத் தூக்கு, எழுவருக்கு ஆயுள் என்று 2015இல் சிறப்பு நீதிமன்றம் விதித்த தண்டனைகள் ரத்தாயின. விடுதலை பெற்றவர்களுள் ஒருவர் 2021இலேயே நாகபுரிச் சிறையில் கொரோனா தொற்றால் இறந்துவிட்டார். எஞ்சியோர் 19 ஆண்டுகளைச் சிறையில் கழித்த பின்னர் வெளியே வந்திருக்கின்றனர். மராட்டிய அரசு உடனே உச்சநீதிமன்றத்துக்கு ஓடியது. இத்தீர்ப்பைப் பிற வழக்குகளில் முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது என்ற அளவில் உச்சநீதிமன்றம் தடை விதித்தது. ஆனால் விடுதலையானவர்கள் மீண்டும் சிறைக்குத் திரும்ப வேண்டியதில்லை என்றும் கூறிவிட்டது.

செய்தி வெளியான மறுநாள் லோக்கல் ரயில்களில் எழுந்த முதல் கேள்வி, “அப்படியானால் குண்டு வைத்தது யார்?” என்பதுதான். நியாயமான கேள்வி. முலுண்ட்வாசிகளுக்கு அக்கேள்வியின் கனம் தெரியும். 2003 மார்ச் 13 மாலை, வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் நிறைந்த ரயிலில், முலுண்ட் நிலையத்திலேயே குண்டு வெடித்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அந்த நடைமேடையில் இன்றும் இறங்கி ஏறுகிறவர்கள், பயங்கரவாதத்துக்குப் பலியானவர்களின் துயரத்தைப் பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் அல்லர்.

ஆனால் அந்தக் கேள்வி யாரை நோக்கி எழுப்பப்படுகிறது என்பதே சிக்கல். பெரும்பாலோர் அதை நீதிபதிகளை நோக்கி எழுப்பினார்கள். ‘கோர்ட் விட்டுவிட்டது’ என்றார்கள். உயர்நீதிமன்றம் தன் தீர்ப்பில் சொல்லியிருப்பது வேறு. ஒப்புதல் வாக்குமூலங்கள் சித்திரவதையால் பெறப்பட்டவையாகத் தோன்றுகின்றன, அவற்றை நம்ப இயலாது. சம்பவம் நடந்து 100 நாட்களுக்கு மேல் வாய் திறவாத டாக்ஸி ஓட்டுநர்களின் அடையாளச் சாட்சியம் ஏற்கத்தக்கதன்று. வெடித்த குண்டு எவ்வகையைச் சேர்ந்தது என்பதைக்கூட அரசுத் தரப்பு நிறுவவில்லை. 180க்கும் மேற்பட்டோரைக் கொன்ற கொடுஞ்செயலில் விசாரணை நடந்த லட்சணம் இது. உண்மைக் குற்றவாளியைத் தேட வேண்டிய காலமெல்லாம் கையில் அகப்பட்டவரை அடித்து ஒப்புக்கொள்ளவைப்பதில் கழிந்தது. லத்தி அந்த 12 பேரின் முதுகில் மட்டும் விழவில்லை. மகனையும் கணவனையும் ரயிலில் பறிகொடுத்தவர்களுக்குக் கிடைக்க வேண்டிய நீதியின் மீதும் விழுந்தது. “யார் வைத்தது?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது காவல்துறை. அதனிடம் கேட்டவர்கள் எத்தனை பேர்?

அந்தக் குண்டுகள் வெடித்த நாள் ஜூலை 11. மும்பைக்கு இன்னொரு ஜூலை 11 உண்டு. அதை நகரம் அவ்வளவாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை. முலுண்டிலிருந்து தாதர் திசையில் ஐந்தாவது நிலையம் காட்கோபர். அங்கே ரமாபாய் அம்பேத்கர் நகரில் 1997 ஜூலை 11 காலை, அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டிருந்ததைக் கண்டு மக்கள் நெடுஞ்சாலையில் திரண்டார்கள். மாநில ரிசர்வ் போலீஸ் படை சுட்டது. பத்துத் தலித் உயிர்கள் பறிபோயின. விசாரணை ஆணையம் துப்பாக்கிச் சூடு தேவையற்றது என்று கூறியது. சுட உத்தரவிட்ட உதவி ஆய்வாளருக்கு 2009இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. விரைவிலேயே ஜாமீனும் கிடைத்தது. துப்பாக்கிச் சூடு நடந்த நான்காம் நாள், சாஹிர் விலாஸ் கோக்ரே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இடதுசாரிக் கலைக்குழுவில் உழைக்கும் மக்களின் பாடல்களைப் பாடிவந்தவர். இறக்கும்போது தலையில் கட்டியிருந்தது நீலத் துணி. காவல்துறையின் தோட்டா, அது பாய்ந்த உடல்களுக்கு அப்பாலும் எங்கெங்கே சென்று தைக்கிறது என்பதற்கு அவருடைய மரணம் சான்று. செங்கொடி பிடித்தவர்களிடம் அந்த நீலத் துணி எழுப்பும் கேள்வி தனி. அதைப் பற்றி இயக்கம் இன்னும் நேர்மையாகப் பேச வேண்டியிருக்கிறது.

அதே காட்கோபரில் 2002 டிசம்பர் 2 அன்று பேருந்தில் குண்டு வெடித்தது. அவ்வழக்கில் பர்பணியைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் காஜா யூனுஸ் கைதானார். வயது 27. அவுரங்காபாத்துக்குக் கொண்டுசெல்லும் வழியில் ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்தது, அவர் தப்பியோடிவிட்டார் என்று 2003 ஜனவரியில் காவல்துறை அறிவித்தது. உடன் கைதாகியிருந்த ஒரு மருத்துவர், அவரை ஆடை களைந்து பெல்ட்டால் அடித்ததையும் அவர் இரத்த வாந்தி எடுத்ததையும் தாம் கண்டதாகச் சாட்சியம் அளித்தார். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. குண்டுவெடிப்பு வழக்கில் விசாரிக்கப்பட்ட மற்றவர்கள் 2005இல் விடுதலையானார்கள். சிஐடி விசாரணையில் 14 காவலர்களின் பெயர்கள் வந்தன. நால்வர் மீது வழக்குத் தொடர மட்டுமே மாநில அரசு அனுமதி தந்தது. 2018இல் அந்த மருத்துவர் நீதிமன்றத்தில் மேலும் நான்கு அதிகாரிகளின் பெயர்களைச் சொன்னார். அவர்களையும் குற்றவாளிகளாகச் சேர்க்க மனுச் செய்த சிறப்பு அரசு வழக்கறிஞர் சில வாரங்களில் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். குற்றம் சாட்டப்பட்ட நால்வருள் ஒருவரான சச்சின் வாஸே, 2020 ஜூனில் மீண்டும் பணியில் அமர்த்தப்பட்டார். அடுத்த ஆண்டு அம்பானி இல்லத்தருகே வெடிபொருள் வைத்த வழக்கில் தேசியப் புலனாய்வு முகமையால் கைது செய்யப்பட்டார். மகனைத் தேடிய தாய்க்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாய்தா மட்டுமே மிச்சம்.

இவையெல்லாம் காட்கோபர் பக்கத்துக் கதைகள். முலுண்டிலிருந்து எதிர்த்திசையில் சென்றால் மூன்றாவது நிலையம் மும்ப்ரா. அதே தடத்தில் கல்யாணையும் உல்லாஸ்நகரையும் கடந்தால் பத்லாபூர். 2024 ஆகஸ்டில் பத்லாபூர்ப் பள்ளி ஒன்றில் நான்கு வயதுச் சிறுமியர் இருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். புகார் கொடுக்கச் சென்ற பெற்றோரை நாள் முழுதும் காவல் நிலையத்தில் காக்கவைத்தார்கள். ஆகஸ்ட் 20 அன்று மக்கள் ரயில் பாதையில் இறங்கினார்கள். பல மணி நேரம் ரயில்கள் நின்றன. அந்தக் கோபத்தில் ஒரு சொல்லைக்கூடக் குறைத்து மதிப்பிட இயலாது. பெண்கள் கையில் குழந்தையோடு தண்டவாளத்தில் நின்ற காட்சி, அடித்தட்டு மக்களின் பொறுமை எங்கே அறுந்தது என்பதைக் காட்டிற்று. அரசு கொடுத்த பதில் தடியடி. சுமார் 300 பேர் மீது வழக்கு. புகாரைத் தாமதித்த காவல் அதிகாரிகள் மூவரின் பணியிடை நீக்கம்கூட மக்கள் தண்டவாளத்தில் இறங்கிய பின்னரே வந்தது. பள்ளி நிர்வாகிகளோ தலைமறைவாகி, அக்டோபரில்தான் கைதானார்கள்.

செப்டம்பர் 23 மாலை, குற்றம் சாட்டப்பட்ட துப்புரவுப் பணியாளர் தலோஜா சிறையிலிருந்து காவல் வேனில் கொண்டுவரப்படும்போது மும்ப்ரா புறவழிச்சாலையருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் காவலரின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டார், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம் என்றது காவல்துறை. பத்லாபூரில் இனிப்பு வழங்கப்பட்டது. துணை முதல்வர் கையில் துப்பாக்கியோடு நிற்பதாக மும்பையில் சுவரொட்டிகள் முளைத்தன. ‘பத்லா பூரா’, பழி தீர்ந்தது, என்று ஊர்ப் பெயரிலேயே சிலேடை செய்திருந்தார்கள். சட்டமன்றத் தேர்தல் இரண்டு மாதத் தொலைவில் இருந்தது.

2025 ஜனவரியில் உயர்நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட நீதித்துறை நடுவரின் அறிக்கை, வேனில் இருந்த ஐந்து காவலர்களும் அம்மரணத்துக்குப் பொறுப்பு என்றது. துப்பாக்கியில் இறந்தவரின் கைரேகை இல்லை. தற்காப்பு என்ற வாதம் ஐயத்துக்குரியது. இதற்கிடையே அவருடைய பெற்றோர் மகனின் உடலைப் புதைக்க இடம் தேடி ஊர் ஊராக அலைந்தார்கள்; எதிர்ப்புகளுக்கிடையே உல்லாஸ்நகரில் ஒரு மூலை கிடைத்தது. வழக்கை நடத்தத் தங்களுக்குத் தெம்பில்லை, விட்டுவிடுகிறோம் என்று பிப்ரவரியில் அவர்களே நீதிமன்றத்தில் சொன்னார்கள். நீதிமன்றம் விடவில்லை. ஏப்ரலில் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. வழக்குப் பதியவே மாநில அரசு அத்தனை காலம் தயங்கியது. சிறுமியரின் பெற்றோரைக் காக்கவைத்த அதே தயக்கம்.

ஒரு தற்செயலையும் குறிப்பிட வேண்டும். போலி மோதல் கொலைகளைத் தடுக்க உச்சநீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது 2014 செப்டம்பர் 23 அன்று. மும்ப்ராவில் தோட்டா பாய்ந்ததற்குச் சரியாகப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு. அந்த வழக்கே மும்பைக் காவல்துறை தொடர்பானது. 1995 முதல் 1997 வரை நடந்த 99 மோதல்களில் சுமார் 135 பேர் இறந்ததைப் பற்றி மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்தது அது. ஒவ்வொரு மோதல் சாவிலும் முதல் தகவல் அறிக்கை வேண்டும், சம்பந்தப்படாத காவல் பிரிவு விசாரிக்க வேண்டும், ஐயம் நீங்கும்வரை வீர விருது கூடாது என்கின்றன அந்நெறிமுறைகள். அவை புத்தகத்தில் இருக்கின்றன. ‘என்கவுண்ட்டர் ஸ்பெஷலிஸ்ட்’ என்ற பட்டம் திரையரங்கில் கைதட்டல் வாங்குகிறது.

தண்டவாளத்தில் நின்று கொதித்தவர்களுக்கும் இனிப்பு வழங்கியவர்களுக்கும் இடையே கோடு கிழித்துவிட முடியாது என்பதுதான் தோழர்கள் சந்திக்க வேண்டிய கசப்பான உண்மை. முலுண்ட் செக் நாக்காவில் ஆட்டோ ஓட்டுபவரும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணும் அந்த மாலை நிம்மதிப் பெருமூச்சு விட்டிருந்தால், அவர்களைப் பிற்போக்காளர்கள் என்று ஒதுக்கிவிட்டு நடப்பது சோம்பேறித்தனம். பாலியல் வழக்கு நீதிமன்றத்தில் எத்தனை ஆண்டு இழுக்கும், சாட்சி சொல்லப் போனால் எத்தனை நாள் கூலி போகும் என்பதை அவர்கள் பட்டறிந்தவர்கள். நீதி வராது என்ற அனுபவத்திலிருந்துதான் தோட்டாவின் மீது நம்பிக்கை பிறக்கிறது. அந்த நம்பிக்கையை ஆளுங்கட்சிகள் சுவரொட்டி அடித்து அறுவடை செய்கின்றன.

தமிழர்களிடையே இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே பெண் மருத்துவர் கொலை வழக்கில் கைதான நால்வரைக் காவல்துறை சுட்டுக் கொன்றபோது, காவலர்கள் மீது பூ தூவினார்கள். அந்தக் காணொளி மும்பைத் தமிழர் வீடுகளிலும் மகிழ்ச்சியோடு பகிரப்பட்டது. கொல்லும் நோக்கத்துடனேயே சுட்டார்கள் என்று நீதிபதி சிர்புர்கர் ஆணையம் பின்னர் கண்டது. நால்வருள் மூவர் சிறுவர் என்றும் கூறியது. பூ தூவி ஏழு மாதம்கூட ஆகாத நிலையில் சாத்தான்குளம் வந்தது. ஜெயராஜும் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் அடிபட்டு மாண்டபோது, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் வேர்கொண்ட தாராவியும் மாட்டுங்காவும் செம்பூரும் முலுண்டும் துடித்தன. 2025 ஜூன் 28 அன்று மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், காரில் இருந்த நகை காணாமல் போனதாக வந்த புகாருக்காகக் காவலர்களால் அடித்துக் கொல்லப்பட்டபோதும் அதே துடிப்பு. தோழர்கள் தெருவில் இறங்கியதும் சரியே.

ஆனால் அஜித்குமார் நிரபராதி என்பதால் மட்டும் அவருக்காக அழுவதென்றால், அந்தக் கண்ணீர் காவல்துறைக்கு ஒரு விலக்கு வழங்கிவிடுகிறது. உண்மையிலேயே நகை எடுத்திருந்தால் அடித்திருக்கலாமா? நிரபராதியா குற்றவாளியா என்பதை அடிக்கும் கையே தீர்மானிக்கிறது. அது அந்த அறையில் ஒருபோதும் “நிரபராதி” என்று தீர்மானிப்பதில்லை. பத்லாபூர்க் குற்றத்தைச் செய்தவர் என்று கருதப்பட்டவரின் உயிருக்காகவும் பேசத் துணியாத இயக்கம், அடுத்த அஜித்குமாருக்காகப் பேசும்போது பாதிக் குரலில்தான் பேச முடியும். இது எளிதன்று. கூட்டத்தில் எழுந்து சொன்னால் “உன் வீட்டுக் குழந்தையாக இருந்தால்?” என்று கேட்பார்கள். அக்கேள்விக்கு முன் சட்டப் பிரிவுகளை ஒப்பிக்கும் தோழர் தோற்றுப்போவார்.

பேச வேண்டியது அந்தக் குழந்தைகளைப் பற்றித்தான். பெற்றோரை நாள் முழுதும் காக்கவைத்தது யார் என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். பாலியல் புகாரை உடனே பதியாத அதிகாரி மீது குற்ற வழக்கு, துரித நீதிமன்றங்களில் காலியாகக் கிடக்கும் நீதிபதி இடங்களை நிரப்புதல், சாட்சிகளுக்குப் பயணப்படியும் இழந்த கூலியும், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இயங்கும் கேமரா, காவல் மரணங்களில் அரசின் முன் அனுமதி என்ற தடைச்சுவரை அகற்றுதல் ஆகியவை கிளைக் கூட்டங்களிலிருந்து எழ வேண்டிய கோரிக்கைகள். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டது 1997இல், ரமாபாய் நகரில் தோட்டா பாய்ந்த அதே ஆண்டில். இன்றுவரை அதை இந்தியா உறுதிப்படுத்தி ஏற்கவில்லை. எந்த ஆட்சியும் அவசரப்படவில்லை. காங்கிரஸ் ஆட்சிக்கும் பாஜக ஆட்சிக்கும் இதில் வேறுபாடு சொல்வது கடினம்.

பத்லாபூர் வழக்கு முழுமையாக நடந்திருந்தால், முதன்மைக் குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டில் நின்றிருப்பார். சின்னஞ்சிறுமியர் பயிலும் பள்ளியில் அந்த வேலைக்கு அவரை அமர்த்தியது யார், குழந்தை சொன்ன பிறகும் நிர்வாகம் வாய் மூடியிருந்தது ஏன், காவல் நிலையத்தில் அந்தப் பகல் முழுதும் யார் யாரோடு பேசினார்கள் என்பவை குறுக்கு விசாரணையில் வந்திருக்கும். அவர் மீதான வழக்கு இப்போது இல்லை. பதில் தெரிந்தவர்களுள் ஒருவர் மும்ப்ரா சாலையோரம் வேனுக்குள் சுடப்பட்டு இறந்தார். மற்றவர்களுக்கு ஜாமீன் கிடைத்தது.