முதல் மழையை நம்பலாமா?



கொல்லிமலையில் அரியூர் நாடு. அங்கே ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பங்குனிக் கடைசியில் ஒரு மாலை, இடி இடித்து மழை கொட்டுகிறது. மறுநாளே புழக்கடையில் அவரை, பூசணி, பீர்க்கன் விதைகளை ஊன்றிவிடுகிறார்கள். சில நாட்களில் முளை தலைகாட்டுகிறது. அதன்பின் பதினைந்து நாள் மழையே இல்லை. முளை கருகிவிடுகிறது. ‘விதை சொத்தை’ என்கிறார்கள். விதைமீது பழி போடுவது நியாயமா?

உலர்ந்த விதை, உறங்கும் உயிர். நீரில்லாமலேயே மாதக்கணக்கில் தாங்கும். ஆனால் நீரை உறிஞ்சி, முளைவேர் வெளியே வந்துவிட்டால் அந்தச் சக்தி போய்விடும். விழித்த விதை மீண்டும் உறங்க முடியாது!

சரி, மழையை முன்கூட்டியே அறிய முடியாதா? இளவேனில் மழை பெரும்பாலும் இடிமழை. வெயிலில் சூடான ஈரக்காற்று மேலெழுந்து, குளிர்ந்து, மேகமாகிறது. மலைச்சரிவும் காற்றை மேலே தள்ளுகிறது. இந்த மேகம் சில கிலோமீட்டர் அகலமே இருக்கும். சுமார் ஒரு மணி நேரத்தில் கலைந்துவிடும். ஓர் ஊரில் கொட்டும். அடுத்த ஊரில் தூறலும் இராது. மாவட்டத்துக்கு வானிலை ஆய்வு மையம் எச்சரிக்கை தரலாம். உங்கள் தோட்டத்துக்கு நாள் குறித்துத் தர இயலாது.

போதாததற்குப் பூமியும் சூடாகிவருகிறது. வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால், காற்று சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். பெய்யும்போது ஒரேயடியாகக் கொட்டும் வாய்ப்பும் கூடுகிறது.

ஆகவே, நாள் பார்த்து விதைப்பதைவிட மண் பார்த்து விதைப்பதே நல்லது என்பது என் கருத்து. மழை பெய்த மறுநாள் ஒரு சாண் ஆழம் தோண்டிப் பாருங்கள். அடியிலும் ஈரம் இருக்கிறதா? இருந்தால் விதையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஊன்றுங்கள். மீதியை அடுத்தடுத்த மழைகளுக்கு வையுங்கள்.

‘காத்திருந்தால் பருவம் தவறாதா?’ என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் பங்கு பிரிக்கச் சொல்கிறேன். ஒரு பங்கு கருகினாலும் விதைப்பானை காலியாகாது. சாமை, தினை, கேழ்வரகு எனப் பல தானியங்களைப் பயிரிட்டு, விதையைப் பத்திரப்படுத்திய கொல்லிமலை மக்களுக்கு இது புதிதல்ல.

நீங்கள் இன்னொன்றும் செய்யலாம். அடி தட்டையாகவும் பக்கம் நேராகவும் உள்ள ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வையுங்கள். தேங்கிய நீரை அளவுகோலால் அளந்து, தேதியுடன் எழுதுங்கள். 10 மி.மீ. என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 லிட்டர் நீர். மலையின் ஒவ்வொரு பள்ளியிலும் இப்படி ஒரு நோட்டு இருந்தால், சில ஆண்டுகளில் அந்தந்த ஊர் மழையின் போக்கு தெரியவரும்.

இந்தக் கோடையிலேயே தொடங்குவீர்களா?