தற்காப்பும் மரண விசாரணையும்

2018 ஏப்ரலில், தென்கிழக்கு இலண்டனின் ஹிதர் கிரீன் பகுதியில், முதியவர் ஒருவரின் வீட்டினுள் இரவு வேளையில் கொள்ளையர் இருவர் புகுந்தனர். அங்கு மூண்ட கைகலப்பில் கத்திக்குத்துக்கு இலக்கான கொள்ளையர் ஒருவர் உயிரிழந்தார். கொலைச் சந்தேகத்தின் பேரில் முதியவர் கைது செய்யப்பட்டார். எனினும் அவர்மீது வழக்குத் தொடரப்படமாட்டாது எனக் காவற்துறையினர் சில நாட்களில் அறிவித்தனர். 2019இல் மரண விசாரணை அதிகாரி, இது சட்டத்துக்கு உட்பட்ட கொலை என முடிவு செய்தார்.

கொலையில் சட்டத்துக்கு உட்பட்டதும் உண்டோ எனத் தமிழ்ப் பெற்றோர் பலர் வியந்திருப்பர். உண்டு. ஆபத்து நேர்ந்துள்ளதாக ஒருவர் அக்கணத்தில் உண்மையாக நம்பி, அதற்கேற்ற அளவில் பலம் பிரயோகித்தால், இங்கிலாந்துச் சட்டம் அதனைக் குற்றமாகக் கொள்வதில்லை. வீட்டினுள் அத்துமீறிப் புகுந்தவருக்கு எதிராயின் 2013ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் சற்று இடங்கொடுக்கின்றது. ஆனால் அப்போதும் முற்றிலும் அளவுமீறிய பலம் ஏற்கப்படாது.

இதிலிருந்து இளையோர் சிலர் தவறான பாடம் கற்பதே கவலைக்குரியது. அம்முதியவர் கத்தியுடன் தெருவில் அலைந்தவர் அல்லர். ‘பாதுகாப்புக்காக’ என்று புத்தகப்பையில் கத்தி கொண்டு திரிவது தற்காப்பு ஆகாது. என்றேனும் தாக்கப்படலாம் என்ற பொதுவான அச்சத்தைச் சட்டம் தக்க காரணமாக ஏற்பதில்லை. அக்குற்றத்துக்கு நான்காண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம்.

பெற்றோரிடமும் ஒரு தவறு உண்டு. சண்டையைக் கண்ட பிள்ளையிடம் "நீ ஒன்றும் காணவில்லை, வாயைத் திறவாதே" என்று சொல்லிவிடுகின்றனர். அவ்வச்சத்தின் வேர் ஆழமானது. 1983இல், மரண விசாரணையே இன்றி உடல்களை அகற்ற அவசரகால விதியால் அதிகாரமளித்த நாட்டிலிருந்து வந்தவர்கள் அவர்கள்.

இங்கு மரண விசாரணை மன்றம் எவரையும் குற்றவாளி எனத் தீர்ப்பதில்லை. இறந்தவர் யார், எப்போது, எங்கே, எவ்வாறு இறந்தார் என்பதையே அது ஆராய்கின்றது. சாட்சியை அழைப்பாணை அனுப்பி வரவழைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆயினும் தன்னையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குச் சாட்சி விடையளிக்க வேண்டியதில்லை. இறந்தவரின் தாயோ தந்தையோ சட்டத்தரணி இன்றியும் எழுந்து சாட்சிகளிடம் கேள்வி கேட்கலாம். கண்டவர்கள் வராவிடின், அவர்கள் யாரிடம் கேட்பது?