காவல் போதும், கவனிப்பு வேண்டும்

பெண் பிள்ளை பெரியவளானதும் நம் வீடுகளில் முதலில் நடப்பது நல்ல காரியம்தான். உளுந்தங்களி கிண்டுகிறார்கள். நல்லெண்ணெயும் நாட்டுக்கோழி முட்டையும் தருகிறார்கள். இடுப்புக்குப் பலம் என்று சொல்லிச் சொல்லிப் பாட்டியும் அத்தையும் சாப்பிட வைக்கிறார்கள். தாய்மாமன் சீர், மண்டபம், ஃபிளெக்ஸ் பேனர் என்று செலவுக்கும் குறைவில்லை. சில வாரங்களில் களி நின்றுவிடுகிறது. அதன் பிறகு தொடங்குவது காவல். தெருவில் விளையாடாதே, தனியாகச் சைக்கிளில் போகாதே, சத்தமாகச் சிரிக்காதே, போனைக் காட்டு. பதின்ம வயது மகளின் நலனுக்காக என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், பெற்றோர் பலர் இந்தத் தடைகளைத்தான் அடுக்குவார்கள். காவல் கூடிக்கொண்டே போகும் அதே வயதில்தான் கவனிப்பு குறைகிறது என்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை.

முதலில் உடம்பைப் பார்ப்போம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அதே வயது ஆண்களில் இது 31.1 சதவீதம். மாதவிடாயில் இழக்கும் ரத்தம் இதற்கு ஒரு காரணம். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் போக மிஞ்சிய குழம்பும் துண்டும் மகளின் தட்டுக்கு வருவது இன்னொரு காரணம். 'எப்போது பார்த்தாலும் படுத்தே கிடக்கிறாள்', 'படிப்பில் கவனமே இல்லை' என்று திட்டு வாங்கும் பெண்களில் எத்தனை பேருக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. சாதாரண ரத்தப் பரிசோதனை அது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொள்ளலாம்.

மருந்தும் தொலைவில் இல்லை. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சாப்பிட்ட பின் போட்டால் பெரும்பாலும் தொல்லை இருக்காது. மலம் கறுப்பாகப் போவது இயல்பு. இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் பல பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, ஈரல், சுவரொட்டி ஆகியவை நம் சமையலுக்குப் புதியவை அல்ல. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அது வீணாகும். மாதவிடாய் வலியால் மாதாமாதம் பள்ளிக்கு விடுப்பு எடுக்கிறாள் என்றால், 'எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே' என்று விடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

அடுத்தது விளையாட்டும் தூக்கமும். 11 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் தினமும் ஒரு மணி நேரமாவது உடம்பு வேர்க்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவை எட்டாத பெண் பிள்ளைகள் உலக அளவில் 85 சதவீதம், ஆண் பிள்ளைகள் 78 சதவீதம் என்பது 2016ஆம் ஆண்டுத் தரவுகளில் தெரிந்தது. நம் ஊரில் இந்த இடைவெளிக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஏழாம் வகுப்பில் கபடிக் குழுவில் இருந்த பெண், ஒன்பதாம் வகுப்பில் மைதானத்தின் ஓரம் நின்று கைதட்டுகிறாள். பள்ளி விட்டு வந்ததும் அண்ணன் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்ப, இவள் பாத்திரம் தேய்க்கிறாள். வீட்டு வேலை செய்பவர்களில், அதற்காக நாளொன்றுக்குப் பெண்கள் 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகிறார்கள் என்று 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு காட்டியது. அந்தக் கணக்கு திருமணத்துக்குப் பிறகு தொடங்குவதில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பழக்கப்படுத்தப்படுகிறது.

பொதுத்தேர்வு ஆண்டில் தூக்கமும் போய்விடுகிறது. 13 முதல் 18 வயதினருக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் தேவை. இந்த வயதில் உடலின் கடிகாரமே சற்றுப் பின்னுக்குப் போவதால், இரவில் தூக்கம் தாமதமாகத்தான் வரும். பதினோரு மணிக்குப் படுப்பவளை, 'விடியலில் படித்தால்தான் மனதில் நிற்கும்' என்று நான்கு மணிக்கு எழுப்பினால், படித்ததை மனதில் நிறுத்த மூளைக்குத் தேவையான ஓய்வைத்தான் பறிக்கிறோம்.

இவ்வளவுக்கும் பெற்றோர் சொல்லும் ஒரே பதில், 'காலம் கெட்டுக் கிடக்கிறதே' என்பது. அந்த அச்சம் பொய்யில்லை. ஆனால், குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவரே என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரங்கள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. உறவினர், அண்டை வீட்டுக்காரர், குடும்ப நண்பர் என்று வீட்டுக்குள் தாராளமாக வந்துபோகிறவர்களும் அதில் உண்டு. வாசலில் போடும் காவல் இவர்களைத் தடுக்காது. அந்தப் பெண் வாய் திறந்து சொன்னால்தான் தடுக்க முடியும்.

அவள் ஏன் சொல்வதில்லை? சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பேருந்தில் ஒருவன் சீண்டினான் என்றால் டியூஷன் நிற்கும். யாரோ அசிங்கமாகச் செய்தி அனுப்பினால் போன் பறிபோகும். பின்னாலேயே ஒருவன் வருகிறான் என்றால் படிப்பே நின்று, மாப்பிள்ளை தேடத் தொடங்கிவிடுவார்கள். தவறு செய்தவன் ஒருவன், தண்டனை அவளுக்கு. இந்தக் கணக்கைப் பதினான்கு வயதுப் பெண் சரியாகவே போடுகிறாள், அதனால் மறைக்கிறாள். அந்தப் பயத்தை வைத்துத்தான் படத்தைக் காட்டி மிரட்டுகிறவன் பிழைக்கிறான். 'உங்க அப்பாவிடம் சொல்லிவிடுவேன்' என்பது மிரட்டலாக எடுபடாத வீட்டில் அவன் பாச்சா பலிக்காது.

ஆகவே, பெற்றோர் மகளுக்குத் தர வேண்டிய முதல் வாக்குறுதி இதுதான்: 'நீ சொன்னதற்காக உன் படிப்பும் போனும் போக்குவரத்தும் நிற்காது.' வாயால் சொன்னால் மட்டும் போதாது. மதிப்பெண் குறைந்தது, தோழியோடு சண்டை, ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று அவள் சொல்லும் சின்ன விஷயங்களைக் கேட்டு நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதை வைத்தே அந்த வாக்கை அவள் எடை போடுவாள். சின்ன விஷயத்துக்கு வீட்டை இரண்டாக்கினால், பெரிய விஷயம் நம் காதுக்கு வராது. போனுக்குக் கட்டுப்பாடே வேண்டாம் என்பதில்லை. இரவு பத்து மணிக்கு மேல் எல்லோருடைய போனும் கூடத்தில் இருக்கட்டும், அப்பாவின் போனும்தான்.

அப்பாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மகள் பெரியவளான நாளிலிருந்து, 'அம்மாவிடம் கேட்டுக்கொள்' என்று பல தந்தையர் ஒதுங்கிவிடுகிறார்கள். பத்து வயதுவரை தோளில் தூக்கியவர் திடீரென்று கண்டிப்பாளர் ஆகிவிடுகிறார். கடையில் நாப்கின் வாங்கி வருவதும், பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்பதும் அப்பாவின் வேலையும்தான்.

மனநலத்தையும் உடல்நலம் போலவே பார்க்க வேண்டும். 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதைக் கண்டறிந்தது. இரண்டு வாரங்களுக்கு மேலாக மகள் யாரோடும் பேசாமல், சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், பிடித்தவற்றையும் விட்டு ஒதுங்கியிருந்தால், அது 'வயசுக் கோளாறு' என்று நாமே முடிவு கட்டக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் இலவச மனநல ஆலோசனையும், 1098இல் குழந்தைகளுக்கான உதவியும் கிடைக்கும். இந்த எண்கள் பெற்றோருக்கு மட்டுமல்ல, மகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. மண்டபத்துக்குக் கொடுத்த வாடகையில் ஒரு சிறு பங்கு போதும், மகளுக்கு ஆண்டு முழுவதும் சத்தான சாப்பாடு போட. மீதிக்குத் தேவைப்படுவது நேரமும் பொறுமையும். இந்த வாரமே ஹீமோகுளோபின் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். போகும் வழியில் அவள் பேசட்டும்; குறுக்கிடாமல் கேளுங்கள்.